உங்கள் வீட்டில் அந்தப் போத்தலைப் படிப்பது யார்?

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். படிவம் மூன்று மாணவி ஒருத்தி வகுப்பில் இருமிக்கொண்டே இருந்தாள். சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், பாத்ரூம் கழுவினேன்" என்றாள்.

பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு, அம்மா வேலைக்குப் போயிருந்த நேரத்தில், வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவைக்க நினைத்திருக்கிறாள். குளியலறைத் தரையில் பிளீச் ஊற்றித் தேய்த்தாள். மஞ்சள் கறை போகவில்லை. கழிவறை கழுவும் திரவத்தை எடுத்து அதன் மேலேயே ஊற்றினாள். சிறிது நேரத்தில் கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவந்துவிட்டாள். இரவெல்லாம் இருமல்.

"கிளினிக் போனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். பாட்டி சுடுதண்ணி கொடுத்தாங்க."

நல்ல வேளையாக அவளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் பேசப் பேச இன்னொரு விஷயமும் தெரிந்தது. அந்த பிளீச் கடையில் வாங்கிய போத்தலில் இல்லை. துப்புரவு வேலை செய்யும் சித்தி, வேலையிடத்தில் மீந்ததை ஒரு மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். போத்தலின் மேல் ஒரு எழுத்தும் இல்லை.

அந்தப் பெண் அமிலமும் காரமும் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். லிட்மஸ் தாள் எந்த நிறமாக மாறும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அவள் வீட்டுக் குளியலறையின் மூலையில் இருக்கும் போத்தலைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் கடனை அடைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு போத்தல், ஒரு வாயு

குளியலறையில் நடந்தது என்ன என்று முதலில் பார்ப்போம். பிளீச் என்று நாம் சொல்லும் திரவத்தில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். மலாய்ப் பாடநூலில் அதை 'நாத்ரியம் ஹிப்போகுளோரிட்' என்று படித்திருப்பீர்கள். அது காரத் தன்மையுள்ள கரைசலில் இருக்கும் வரை ஓரளவு அமைதியாக இருக்கும். கழிவறைக் கறையைக் கரைக்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கிடைப்பவை மூன்று: சாதாரண உப்பு, தண்ணீர், குளோரின் வாயு.

இந்த வாயுவை முதன்முதலில் தயாரித்தவர் சுவீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. 1774ஆம் ஆண்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மாங்கனீசு டை ஆக்சைடுடன் சேர்த்துச் சூடாக்கி அதை எடுத்தார். 1915 ஏப்ரல் 22ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே, ஜெர்மன் படை இதே வாயுவைக் காற்றோடு திறந்துவிட்டது. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அதனால் அது தரையோடு தவழ்ந்து போய்ப் பதுங்குகுழிகளில் இறங்கியது.

போர்க்களத்தில் வெளிவந்த அளவும் குளியலறையில் வரும் அளவும் ஒன்றல்ல. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் வாயுவின் குணம் ஒன்றுதான். அது கீழேயே தங்கும். குளியலறைத் தரையைத் தேய்ப்பவர் எப்படி இருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். குந்தி உட்கார்ந்து, முகத்தைத் தரைக்கு அருகே வைத்துக்கொண்டு தேய்ப்பார். பக்கத்தில் தண்ணீரில் விளையாடும் தம்பி தங்கையின் மூக்கு இன்னும் தாழ்வாக இருக்கும். பள்ளி ஆய்வகத்தில் குளோரின் தயாரிக்க வேண்டுமென்றால் புகைப்போக்கி அறைக்குள் வைத்துத்தான் செய்வோம். வீட்டிலோ சன்னல் இல்லாத சின்ன அறையில், கதவைச் சாத்திக்கொண்டு செய்கிறோம்.

மூச்சோடு உள்ளே போன குளோரின், மூக்கிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அங்கேயே அமிலமாக மாறுகிறது. அதனால்தான் கண் எரிகிறது, இருமல் வருகிறது, நெஞ்சு இறுகுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிறு அளவே போதும். அதிகமாகச் சுவாசித்துவிட்டால், சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளவும் கூடும். முதலில் இருமல் அடங்கினாற்போல் தெரிந்து, இரவில் மூச்சுத் திணறல் கூடினால், "அப்போதே சரியாகிவிட்டதே" என்று இருந்துவிடக் கூடாது.

அமிலம் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் சிலவற்றில் அம்மோனியா இருக்கும். அது பிளீச்சோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு வரும். அதுவும் நுரையீரலைப் புண்ணாக்கும். தண்ணீர் ஊற்றாத கழிவறையில் நேராக பிளீச் ஊற்றும்போது மூக்கைத் துளைக்கும் வாடை வருவதற்கும் இதுவே ஒரு காரணம். சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா அங்கே காத்திருக்கிறது.

இரண்டு மடங்கு சுத்தமா?

ஏன் கலக்கிறோம்? "இது கொஞ்சம் சுத்தம் செய்யும், அதுவும் கொஞ்சம் சுத்தம் செய்யும், இரண்டும் சேர்ந்தால் நன்றாகச் சுத்தம் செய்யும்" என்ற கணக்குத்தான். சமையலில் இது சரியாக வரலாம். வேதியியலில் வராது.

மேலே சொன்ன வினையை மறுபடியும் பாருங்கள். வினை முடிந்தபின் அங்கே பிளீச் இல்லை, அமிலமும் இல்லை. கிருமியைக் கொல்ல வேண்டியதும் போய்விட்டது, கறையைக் கரைக்க வேண்டியதும் போய்விட்டது. தரையில் இருப்பது உப்புத் தண்ணீர். அம்மா கொடுத்த காசுக்கு வாங்கிய இரண்டு போத்தலும் காற்றில் வாயுவாகப் போய்விட்டன. கலப்பது ஆபத்து என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அது வீண் செலவும்கூட.

"அப்படியானால் கடைச் சாமானே வேண்டாம், வினிகரும் எலுமிச்சம்பழமும் போதும்" என்று சிலர் சொல்வார்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் வீடுகளில் வளர்ந்த நமக்கு இது எளிதாகப் புரியும். புளியும் எலுமிச்சையும் வினிகரும் அமிலங்கள்தாம். தனியாக இருக்கும்வரை நல்லவை. ஆனால் பிளீச்சுக்கு, தன்னோடு சேர்ந்த அமிலம் தொழிற்சாலையிலிருந்து வந்ததா, சமையலறையிலிருந்து வந்ததா என்று தெரியாது.

2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ஒன்றை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்திருக்கிறது. கோவிட் பயத்தில் ஒரு பெண், காய்கறிகளைக் கழுவுவதற்காகத் தொட்டியில் பிளீச், வினிகர், சுடுநீர் மூன்றையும் கலந்து ஊற வைத்தார். சமையலறையில் குளோரின் வாடை எழுந்தது. மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போய், ஆக்சிஜன் வைத்த பிறகு தேறினார். அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும், துப்புரவுத் திரவங்களாலும் கிருமிநாசினிகளாலும் பாதிக்கப்பட்டது தொடர்பாக அமெரிக்க நச்சு மையங்களுக்கு 45,550 அழைப்புகள் வந்தன. முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட இது 20.4 விழுக்காடு அதிகம். நோய்க்குப் பயந்து சுத்தம் செய்தவர்கள் சுத்தம் செய்ததாலேயே பாதிக்கப்பட்டார்கள்.

தோட்டத்துக்குத் தெரிந்த பாடம்

பகாவிலும் லிங்கியிலும் ரந்தாவிலும் லாபுவிலும் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இரசாயனம் புதிதல்ல. பால்மரம் வெட்டிய காலத்தில், பால் உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றினார்கள். உறைய வைக்க ஃபார்மிக் அமிலம் ஊற்றினார்கள். மலாயில் அதை 'சுக்கா கெத்தா' என்பார்கள். இப்போது பாடநூலில் பலபடி பற்றிய பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே வினையைப் பாட்டிமார் தினமும் கையால் செய்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தது களைக்கொல்லி. பாராகுவாட் என்ற பெயரை வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், பலருக்குத் தெரிந்திருக்கும். முதுகில் தொட்டியைச் சுமந்துகொண்டு தோட்டங்களில் 'மருந்து அடித்தவர்களில்' பெரும் பகுதியினர் பெண்கள், அவர்களில் பலர் தமிழ்ப் பெண்கள். மூக்கில் இரத்தம் வடிவது, நகம் கழன்று விழுவது, தோல் வெந்துபோவது, கண் மங்குவது என்று அவர்கள் பட்ட பாட்டை, தெனகனித்தா அமைப்பும் ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும் 2002ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் மலேசியா பாராகுவாட்டுக்குத் தடை விதித்தது. 2006ஆம் ஆண்டில் தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை வந்தது.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சின்னச் செய்தி உண்டு. பாராகுவாட் முதலில் குளிர்பானம் போன்ற கரும்பழுப்பு நிறத்தில் இருந்தது. பல நாடுகளில் அதைப் பெரிய கலனிலிருந்து குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். தெரியாமல் எடுத்துக் குடித்தவர்கள் இறந்தார்கள், அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதன் பிறகே அதைத் தயாரித்தவர்கள் நீல நிறச் சாயமும், குமட்டும் நாற்றமும், வாந்தி வரவைக்கும் மருந்தும் சேர்த்தார்கள். "நான் விஷம்" என்று அந்தத் திரவமே சொல்லும்படி செய்தார்கள்.

இப்போது உங்கள் குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். அங்கே உள்ள போத்தல்களின் நிறம் ரோஜா, இளநீலம், இளம்பச்சை. மேலே எலுமிச்சம்பழப் படம், மல்லிகைப் பூப் படம். திறந்தால் வாசனை. தோட்டத்து நச்சு அசிங்கமாக்கப்பட்டது, வீட்டு நச்சு அழகாக்கப்பட்டிருக்கிறது. அதை ஒரு வெற்றுத் தண்ணீர்ப் போத்தலுக்கு மாற்றிவிட்டால், மூன்று வயதுக் குழந்தைக்கு அது சிரப்பு. வெயிலில் வேலை செய்துவிட்டு வரும் தாத்தாவுக்கு அது தண்ணீர்.

ஆகவே என் முதல் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். குடிக்கும் போத்தலில் இரசாயனம் ஊற்றி வைப்பதை நம் வீடுகளில் ஒரேயடியாக நிறுத்த வேண்டும். யார் கொடுத்தாலும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், லேபல் இல்லாத திரவம் வீட்டுக்குள் வரக் கூடாது.

இதைச் சொல்லும்போது அந்த மாணவியின் சித்தியை நான் குறை சொல்லவில்லை. தோட்ட வேலை குறைந்த பிறகு, பட்டணத்துக்குப் போய்க் கட்டடங்களில் துப்புரவு வேலை செய்யும் பெண்கள் நம்மில் எத்தனையோ பேர். நாள் முழுதும் இந்தத் திரவங்களோடுதான் அவர்கள் புழங்குகிறார்கள். 2013ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகளின்படி, வேலையிடத்துக்கு வழங்கப்படும் அபாயகரமான இரசாயனங்களின் லேபல் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். ஆனால் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் மட்டும் படித்த ஒருவரால் 'மெங்ஹாகிஸ்' என்று எழுத்துக்கூட்டிப் பொருள் கண்டுபிடிக்க முடியுமா? கையுறை கொடுக்காத இடங்களும் இருக்கின்றன. எச்சரிக்கை என்பது படிக்க முடிந்தவருக்குத்தான் எச்சரிக்கை.

"இத்தனை வருஷமா செய்றோம்"

வீட்டில் இதைப் பேசினால் உங்களுக்கு ஒரு பதில் வரும்: "இத்தனை வருஷமா இதைத்தான் செய்றோம், என்ன ஆயிடுச்சு?" பெரியவர்களின் அனுபவத்தைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் மெதுவாக வரும் பாதிப்பை அனுபவம் காட்டிக்கொடுப்பதில்லை. அதற்கு அளவெடுக்க வேண்டும்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படி அளவெடுத்தார்கள். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூச்சுத் திறனை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து அளந்த ஓர் ஐரோப்பிய ஆய்வின் முடிவை 2018ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கும், துப்புரவை வேலையாகச் செய்யும் பெண்களுக்கும், அவ்வேலை செய்யாத பெண்களைவிட நுரையீரல் திறன் வேகமாகக் குறைந்திருந்தது. ஒரு நொடியில் ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவில், வீட்டில் சுத்தம் செய்பவர்களுக்கு ஆண்டுக்கு 3.6 மில்லிலிட்டரும், தொழிலாகச் செய்பவர்களுக்கு 3.9 மில்லிலிட்டரும் கூடுதலாகக் குறைந்தன. ஆண்டுக்கு நாலு மில்லிலிட்டர் என்பது ஒரு தேக்கரண்டி அளவுகூட இல்லை. யாருக்கும் தெரியாது. இருபது ஆண்டுகள் சேர்ந்தால் தெரியும். "வயசாயிடுச்சு, மாடிப்படி ஏற முடியல" என்று அம்மா சொல்லும்போது, காரணம் வயது மட்டும்தானா என்று நமக்கு எப்படித் தெரியும்?

இந்த ஆய்வு, துப்புரவுத் திரவம்தான் காரணம் என்று முழுதாக நிரூபித்துவிடவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்பட்டதைக் காட்டியது, அவ்வளவே. அறிவியல் மாணவர்களாகிய நீங்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சன்னலைத் திறந்து வைப்பதற்கும், மருந்தின் அளவைக் குறைப்பதற்கும் அந்த நிரூபணம் வரை காத்திருக்கத் தேவையில்லை.

2019 மார்ச்சில் ஜொகூர், பாசீர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவின் வாயுவால் மாணவர்கள் மயங்கி விழுந்தார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. நாடே பேசியது. குளியலறையில் ஒருவர் தனியாக இருமுவது செய்தியாக வராது. அதனால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

படிக்க முடிந்தவர் நீங்கள்

இனி என் இரண்டாவது கருத்து. உங்கள் வீட்டில் வேதியியல் படிக்கும் ஆள் ஒருவர்தான் இருக்கிறார். அது நீங்கள். மலாயும் ஆங்கிலமும் தமிழும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவரும் பெரும்பாலும் நீங்கள்தான். ஆகவே லேபலைப் படிப்பது அம்மாவின் வேலையல்ல, உங்கள் வேலை.

லேபலில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் எச்சரிக்கைச் சொல். 'பஹாயா' என்றிருந்தால் ஆபத்து அதிகம், 'அமாரான்' என்றிருந்தால் அதற்கு அடுத்த நிலை. அடுத்து, சிவப்புக் கோடு போட்ட சாய்சதுரப் படம். கையின் மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டும் படம் இருந்தால் அது அரிக்கும் பொருள். மூன்றாவது, உள்ளே இருக்கும் பொருள். ஹைப்போகுளோரைட் இருந்தால் பிளீச். ஹைட்ரோகுளோரிக் என்றிருந்தால் அமிலம். போத்தலின் மேல் 'கழிவறைக்கு' என்று இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கழிவறைத் திரவங்களில் அமிலம் உள்ளவையும் உண்டு, பிளீச் உள்ளவையும் உண்டு. அடைப்பு நீக்கும் மருந்தில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். அது தோலில் உள்ள கொழுப்பையே சவர்க்காரமாக்கி உள்ளே இறங்கும்.

பிறகு ஒரு வெள்ளை ஒட்டுத்தாளும் தடித்த மார்க்கர் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு போத்தலிலும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்: "பிளீச். வேறு எதோடும் கலக்காதே." "அமிலம். பிளீச்சோடு சேர்க்காதே." பாட்டி படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பிளீச்சை ஒரு பக்கமும் அமிலத்தை இன்னொரு பக்கமும், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். அன்றாடத் துப்புரவுக்குப் பெரும்பாலும் சவர்க்காரத் தூளும் தண்ணீரும் தேய்க்கும் கையுமே போதும்.

ஏதாவது நடந்துவிட்டால் செய்ய வேண்டியது இதுதான். உடனே வெளியே வாருங்கள். மிச்சத்தைக் கழுவிவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியிலேயே திரும்பி வந்து அது மறுபடியும் தொண்டையைப் புண்ணாக்கும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் கட்டணமில்லா எண் 1-800-88-8099. அலுவலக நேரத்தில் அழைத்தால் என்ன செய்வது என்று சொல்வார்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் என்றால் யோசிக்காமல் 999. தோட்டத்திலிருந்து சிரம்பானுக்கோ குவாலா பிலாவுக்கோ போய்ச் சேர நேரம் எடுக்கும், ஆகவே இரவு வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். போகும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பெரியவர்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வீட்டில் கொசு மருந்து டின் இருந்தால் திருப்பிப் பாருங்கள். பல டின்களில் எச்சரிக்கை தமிழிலும் அச்சிடப்பட்டிருக்கும். கொசு மருந்துக்கு முடிந்தது, கழிவறை மருந்துக்கு ஏன் முடியாது? தயாரிப்பாளர்கள் நான்கு மொழியில் நான்கு சொல் அச்சிட்டால் போதும். அதைக் கேட்கும் கடிதத்தை உங்கள் பள்ளி அறிவியல் கழகமே எழுதலாம். எழுதினால் முதல் கையெழுத்து என்னுடையது.

அந்த மாணவி இப்போது நன்றாக இருக்கிறாள். போன வாரம் தன் வீட்டுப் போத்தல்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். ஏழு போத்தல், ஏழிலும் தமிழ் எழுத்து. ஒன்றில் பாட்டியே எழுதியிருந்தார், சற்றுக் கோணலாக: "இது தண்ணி இல்ல."

உங்கள் வீட்டில் எத்தனை போத்தல் இருக்கின்றன? இன்று மாலையே எண்ணிப் பாருங்கள்.